பாண்ட் தாத்தா பாஸா... அரியரா?

செமஸ்டர் லீவு, வீட்டு ஹால், அப்பா கையில் ரிமோட். இந்த மூணும் ஒண்ணு சேர்ந்தா நம்ம நிலைமை என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லணுமா மக்களே?

‘‘இப்ப வர்ற படமெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றதும்மா. எங்க ரோஜர் மூர் படத்தைப் பாரு... அதான் ஸ்டன்ட்டு!’’ என்று ஆரம்பித்தார் அப்பா. எனக்குத் தெரிந்த ஜேம்ஸ்பாண்ட், டேனியல் கிரெய்க் மட்டும்தான். ஸ்கூல் படிக்கும்போது ‘ஸ்கைஃபால்’ (2012) பார்த்துவிட்டு, ரெண்டு நாள் கோட் சூட் போட்ட மாதிரியே நடந்தவள் நான். அதுக்கு முன்னாடி வந்த பாண்ட் எல்லாம் என்னைப் பொறுத்தவரை பரண்மேல் கிடக்கும் தாத்தாவின் டிரங்குப் பெட்டி. இருக்குன்னு தெரியும், திறந்து பார்த்ததில்லை.

‘‘ஓகேப்பா, பெட்! முதல் படத்துலேர்ந்து வரிசையா பார்ப்போம். இன்னிக்கும் தாங்குதானு நான் பேப்பர் திருத்தறேன். கருணை மார்க் கிடையாது!’’ என்று சவால் விட்டேன்.

1962-ல் வந்த ‘டாக்டர் நோ’ தொடங்கி, 1989-ல் வந்த ‘லைசன்ஸ் டு கில்’ வரை 16 படங்கள். ஷான் கானரி, ஜார்ஜ் லேஸன்பி, ரோஜர் மூர், டிமோதி டால்டன்னு நாலு பாண்டுகள். தினம் ராத்திரி ஒரு படம். அப்பா, நான், நடுவில் ஒரு கிண்ணம் பொரி. அம்மா அப்பப்போ வந்து எட்டிப் பார்ப்பார். (அம்மாவை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி அவருக்கு ஒரு முக்கியமான என்ட்ரி இருக்கு!)

ரிசல்ட்டை யுனிவர்சிட்டி மாதிரி இழுத்தடிக்காம இப்பவே சொல்லிடறேன். பாண்ட் தாத்தா ஆல் க்ளியர் இல்லை! ஆனா, எதுல பாஸ், எதுல அரியர்ங்கறதுலதான் விஷயமே இருக்கு.

பேப்பர் 1: ஸ்டன்ட் - டிஸ்டிங்ஷன்!

இன்ஜினீயரிங் மக்கள் எல்லாம் கொஞ்சம் கிட்ட வாங்க. ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ (1974) படத்தில் ஒரு சீன். தாய்லாந்தில் ஒரு வாய்க்கால். அதன் குறுக்கே உடைஞ்சு, முறுக்கிக்கிட்டுக் கிடக்கும் ஒரு மரப்பாலம். ரோஜர் மூர் ஓட்டும் கார் வேகமா வந்து அந்தப் பாலத்தில் ஏறி, அந்தரத்தில் ஸ்க்ரூ மாதிரி ஒரு முழுச் சுத்து சுத்தி, அந்தப் பக்கம் நாலு சக்கரத்திலும் போய் நிக்குது. கட் இல்லை, ஒயர் இல்லை. ஒரே டேக்!

‘‘பார்த்தியா... இதுல எங்கேம்மா கம்ப்யூட்டர்?’’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் அப்பா. நான் உடனே செல்லை எடுத்துத் தேடினேன். அங்கேதான் அப்பாவுக்கு ஒரு அதிர்ச்சி. அதுலயும் கம்ப்யூட்டர் இருக்கு!

அமெரிக்காவில் கார்னெல் ஏரோநாட்டிகல் லேபரட்டரியைச் சேர்ந்த இன்ஜினீயர்கள், சாலை விபத்துகளை ஆராய்ச்சி பண்ண ஒரு சிமுலேஷன் புரோகிராம் எழுதி வெச்சிருந்தாங்க. அதை வெச்சுத்தான் இந்தத் தாவலுக்கான கணக்கைப் போட்டாங்க. மேடை எந்தக் கோணத்தில் முறுக்கியிருக்கணும், கார் என்ன எடை இருக்கணும், என்ன வேகத்தில் வரணும்... எல்லாமே கணக்கு. மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகம். எடை ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு ஸ்டியரிங்கையே காரின் நடுவுக்கு மாத்தி, ஸ்டன்ட் டிரைவரை நட்ட நடுவில் உட்காரவெச்சாங்க. கணக்கு கம்ப்யூட்டரோடது. ஆனா, பறந்தது நிஜக் கார், உள்ளே இருந்தது நிஜ மனுஷன். எம்-1 பேப்பரில் நாம் எழுதும் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் எதுக்குன்னு முதல் தடவையா எனக்குப் புரிஞ்சது அன்னிக்குத்தான்!

இது மட்டுமில்லை. ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ (1977) படத்தின் ஆரம்பத்தில் பனிமலையிலேர்ந்து பாண்ட் ஸ்கீயோட கீழே குதிப்பார். விழுந்துகிட்டே... இருப்பார். சவுண்டே இருக்காது. ‘செத்தான்’னு நினைக்கும்போது பிரிட்டிஷ் கொடி போட்ட பாராசூட் விரியும். கனடாவின் பாஃபின் தீவில் இருக்கிற அஸ்கார்ட் மலையிலேர்ந்து நிஜமாவே குதிச்சவர் ரிக் சில்வெஸ்டர். பல கேமராக்கள் வெச்சும், ஒரே ஒரு கேமராவில்தான் குதிச்சது ஒழுங்கா பதிவாச்சு. ‘லிவ் அண்ட் லெட் டை’ (1973) படத்தில் வரிசையா நிக்கிற முதலைகளின் முதுகைப் படிக்கட்டு மாதிரி மிதிச்சுத் தாண்டினவர், அந்த முதலைப் பண்ணையின் ஓனர் ராஸ் கனங்காவேதான். அஞ்சு தடவை முயற்சி பண்ணித்தான் தாண்டினார். நாம அஞ்சாவது அட்டெம்ப்ட்ல பேப்பர் க்ளியர் பண்ணினா வீட்ல என்ன மரியாதை கிடைக்குதுன்னு நினைச்சுப் பாருங்க!

இதோட ஒப்பிட்டுப் பார்க்க, நடுவில் ஒரு புதுப் படத்தையும் போட்டோம். ‘டை அனதர் டே’ (2002). பியர்ஸ் பிராஸ்னன் ராட்சத அலைமேல் சறுக்கிக்கிட்டுப் போவார். முழுக்க கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ். 28 வருஷம் பழைய கார் இன்னும் நெஞ்சைப் படபடக்க வைக்குது. இந்த அலையோ பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கு. ஏன்? நம்ம கண்ணுக்கு ஃபிஸிக்ஸ் தெரியும் பாஸ். எடை உள்ள ஒரு பொருள் எப்படி விழும்னு சின்ன வயசுலேர்ந்து பார்த்துப் பழகியிருக்கு. அதை ஏமாத்த முடியாது. நிஜமா உழைச்சது நிக்குது, சும்மா ஒப்பேத்தினது பல்லிளிக்குது.

ஆனா, அந்த 1974 கார் சீனில் ஒரு கொடுமை இருக்கு. கார் சுத்தற அந்த நொடியில், சர்க்கஸ் கோமாளி வழுக்கி விழும்போது போடுவாங்களே, ‘ஊஊய்ய்ங்’னு ஒரு விசில்... அதைப் போட்டு வெச்சிருக்காங்க! இத்தனை கணக்கு, இத்தனை தைரியம், எல்லாத்தையும் ஒரு விசில் காமெடி ஆக்கிடுச்சு. அதைச் சேர்த்த இசையமைப்பாளர் ஜான் பேரியே பின்னாடி வருத்தப்பட்டார். இந்த விசிலை மறந்துடாதீங்க. மறுபடியும் வருவோம்.

பேப்பர் 2: செட் - ஃபர்ஸ்ட் கிளாஸ்!

கென் ஆடம்னு ஒரு மனுஷன். இவர்தான் ‘டாக்டர் நோ’விலேர்ந்து ஏழு பாண்ட் படங்களுக்கு செட் டிசைன் பண்ணினவர். ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ (1967) படத்தில் வில்லன் பதுங்குறது ஒரு எரிமலைக்குள்ளே. மேலே மூடி திறக்கும், உள்ளே ஹெலிகாப்டர் இறங்கும், மோனோ ரயில் ஓடும், நடுவில் ராக்கெட் நிக்கும். இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் நிஜமாவே கட்டினாங்க. செலவு சுமார் பத்து லட்சம் டாலர். முதல் படமான ‘டாக்டர் நோ’வுக்கு மொத்தமா ஆன செலவே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

‘கோல்ட்ஃபிங்கர்’ (1964) படத்தில் வர்ற ஃபோர்ட் நாக்ஸ் தங்கக் கிடங்கு இன்னும் சூப்பர். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைக்காததால், ‘தங்கக் கிடங்குன்னா எப்படி இருக்கணும்’னு கென் ஆடம் கற்பனையிலேயே வரைஞ்சார். கூரை வரைக்கும் தங்கக் கட்டி! நிஜத்தில் அவ்வளவு உயரம் அடுக்கினா எடை தாங்காது. ஆனா, பார்க்கும்போது யாருக்கும் அது தோணாது. அதான் டிசைன்!

பேப்பர் 3: வேகம் - ஜஸ்ட் பாஸ்!

உண்மையைச் சொல்லணும்னா, சில இடங்களில் கொட்டாவி வந்துச்சு. ‘தண்டர்பால்’ (1965) படத்தில் தண்ணிக்கு அடியில் சண்டை போடறாங்க, போடறாங்க, போட்டுக்கிட்டே இருக்காங்க. நான் எழுந்து போய் பொரியை நிரப்பிக்கிட்டு வந்தேன். அப்பவும் போடறாங்க! ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபார் எவர்’ (1971) படத்தில் இன்னொரு கூத்து. ஒரு குறுகலான சந்துக்குள் வலது பக்கச் சக்கரங்களில் நுழையும் கார், வெளியே வரும்போது இடது பக்கச் சக்கரங்களில் வருது. நம்ம லேப் ரெக்கார்டு மாதிரியே, ரீடிங் ஒண்ணு, ரிசல்ட் ஒண்ணு!

ஆனா, நிதானமே பலமாகிற இடங்களும் உண்டு. ‘டாக்டர் நோ’ படத்தில் ஹோட்டல் ரூமை விட்டுக் கிளம்பும் பாண்ட், ஒரு தலைமுடியை எச்சில் தொட்டு அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது முடி இல்லைன்னா, யாரோ திறந்திருக்காங்கன்னு அர்த்தம். பாஸ்வேர்டு, கைரேகை எதுவும் வேணாம். செலவே இல்லாத செக்யூரிட்டி! ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ (1963) படத்தில் ரயில் பெட்டிக்குள் கானரியும் ராபர்ட் ஷாவும் மோதிக்கிற சண்டையை இன்னிக்குப் பார்த்தாலும் மூச்சு முட்டும். அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டே இருக்காங்க. அதனாலதான் முதல் அடி விழும்போது நமக்கே வலிக்குது.

பேப்பர் 4: பெண்கள் - அரியர்!

இதுவரைக்கும் ஜாலியாத்தான் போச்சு. மூணாவது ராத்திரி ‘கோல்ட்ஃபிங்கர்’. அப்பாவோட ஆல்டைம் ஃபேவரிட். ஆஸ்டன் மார்ட்டின் கார் வந்ததும் கை தட்டினார். தொப்பியை வீசிக் கொல்ற ஆட்ஜாப் வந்தப்போ நானும் கை தட்டினேன்.

அப்புறம் அந்த வைக்கோல் கொட்டகை சீன். விமானம் ஓட்டுற, ஜூடோ தெரிஞ்ச, பாண்டுக்குச் சரிசமமா நிக்கிற பெண் அவள். ‘வேணாம்’னு தள்ளிவிடுறா. பாண்ட் விடலை. கீழே தள்ளி அழுத்திப் பிடிக்கிறார். அவள் திமிர்றா, முகத்தைத் திருப்பிக்கிறா. கடைசியில் ‘சரி’ன்னு ஆயிடுற மாதிரி காட்டி, பின்னணியில் காதல் மியூசிக் போடறாங்க. அதோட விட்டிருந்தாகூட ஒரு சீன்னு தாண்டிப் போயிருக்கலாம். அந்த ‘மாற்றத்தால்’தான் அவள் வில்லனை விட்டு பாண்ட் பக்கம் வர்றா, உலகமே காப்பாத்தப்படுது. படத்தோட முடிச்சே அந்தக் கொட்டகையில்தான் இருக்கு. அடுத்த படம் ‘தண்டர்பால்’லயும் இதே கதை. ஒரு நர்ஸின் வேலை போயிடும்ங்கற பயத்தை வெச்சு பாண்ட் காரியம் சாதிச்சுக்கிறார். அதையும் ஜோக் மாதிரி காட்டறாங்க.

ஹாலில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்பா பொரிக் கிண்ணத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் மெதுவா, ‘‘அந்தக் காலத்துல அப்படித்தாம்மா எடுப்பாங்க. அப்ப யாருக்கும் தப்பாத் தோணலை’’ என்றார்.

அப்போதான் சமையலறை வாசலில் இருந்து அம்மாவின் என்ட்ரி. ‘‘ஏங்க, கல்யாணமான புதுசுல இதே படத்தை டி.வி-ல போட்டாங்க, ஞாபகம் இருக்கா? உங்ககூட உட்கார்ந்துதான் பார்த்தேன். அப்பவே எனக்கு அந்த இடம் பிடிக்கலை.’’

‘‘அப்ப ஏன் நீ ஒண்ணுமே சொல்லலை?’’

‘‘நீங்க கேட்கலையே!’’

சத்தியமா சொல்றேன் மக்களே, 16 படத்தில் எந்த பாண்ட் டயலாக்கும் இவ்வளவு ஷார்ப்பா இல்லை.

‘அந்தக் காலத்துல அப்படித்தான்’னு நாம ஈஸியா சொல்லிடறோம். அந்தக் காலத்திலும் பக்கத்து ஸீட்டில் ஒருத்தங்க நெளிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்திருப்பாங்க. யாரும் கேட்கலை, அவ்வளவுதான். அதனால, ‘அப்ப யாருக்கும் தோணலை’ங்கற பாயின்ட்டுக்கு நான் மார்க் போடலை. பாண்ட் குடும்பத்துக்கே இது புரியாமல் இல்லை. ‘கோல்டன் ஐ’ (1995) படத்தில் புது ‘எம்’மா வந்த ஜூடி டென்ச், பெண்களை மதிக்கத் தெரியாத டைனோசர்னு பாண்டை முகத்துக்கு நேரா திட்டுவார். ‘நோ டைம் டு டை’ (2021) படத்தின் டைரக்டர் கேரி ஃபுகுநாகாவே, கானரி காலத்து இந்த மாதிரி சீன்கள் இன்னிக்கு எடுபடாதுன்னு வெளிப்படையா பேசினார்.

பேப்பர் 5: ஊர், உலகம் - இதுவும் அரியர்!

‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் கானரிக்கு விக் வெச்சு, புருவத்தை மாத்தி, ‘இவர் இப்போ ஜப்பான்காரர்’னு சொல்றாங்க. நம்ப முடியலைங்கறது ஒரு பக்கம். சுத்தி நிஜ ஜப்பான் நடிகர்கள் நிக்கும்போது பார்க்கவே கூச்சமா இருக்கு. ‘லிவ் அண்ட் லெட் டை’யில் ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர, டாக்ஸி டிரைவர்லேர்ந்து கடைக்காரர் வரை கண்ணில் படற கறுப்பின மக்கள் எல்லாம் வில்லன் கோஷ்டி.

அப்புறம் நம்ம ஊர்! ‘ஆக்டோபஸி’ (1983). உதய்ப்பூரில் எடுத்த படம். பாண்டுக்கு உதவியாளரா, விஜய்ங்கற பேரிலேயே வர்றவர் நம்ம சென்னையின் டென்னிஸ் ஸ்டார் விஜய் அமிர்தராஜ். சின்ன வயசில் மாமாகூடப் போய் இதைத் தியேட்டரில் பார்த்ததுதான் அப்பாவின் முதல் பாண்ட் படம். ‘‘நம்மாளு டென்னிஸ் ராக்கெட்டாலயே அடிப்பாரு பாரு... தியேட்டர்ல ஒரே விசில்! விஜய் செத்ததும் நான் அழுதுட்டேன்’’ என்றார். அப்போ அவர் கண்ணில் ஒரு பத்து வயசுப் பையன் தெரிஞ்சான்.

அதே படத்தில் ஆட்டோ சேஸிங் ஒண்ணு. ஒரு தெருவுக்குள் வாள் விழுங்குறவர், ஆணிப் படுக்கை, நெருப்பில் நடக்கிறவர்னு இந்தியா மொத்தமும் ஒரு பொருட்காட்சி! பாண்ட் சூதாட்டத்தில் ஜெயிச்ச பணத்தை நம்மாட்களிடம் கொடுத்துவிட்டு, ‘கொஞ்ச நாளைக்கு உங்க குழம்புச் செலவுக்கு ஆகும்’ங்கற மாதிரி ஒரு ஜோக் அடிக்கிறார். பல வருஷமா அந்த இடத்தில் சிரிச்ச அப்பா, இந்தத் தடவை சிரிக்கலை. ‘‘இது நம்மளைத்தான் சொல்றானா?’’ என்று மட்டும் கேட்டார்.

ஞாபகம் இருக்கா, அந்த விசில்? அதேதான் இது. விஜய் அமிர்தராஜ், கபீர் பேடி மாதிரி ஆட்கள் ஒழுங்கா உழைச்சிருக்காங்க. அவங்க தலைக்கு மேல ஒரு ‘ஊஊய்ய்ங்’.

ரீவேல்யுவேஷன்!

ஒரு பேப்பருக்கு மட்டும் மார்க் எகிறிடுச்சு. ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ (1969). அதுவரை மாடலா இருந்த ஜார்ஜ் லேஸன்பி நடிச்ச ஒரே பாண்ட் படம். வந்தப்போ, ‘கானரி இல்லாத பாண்டா?’ன்னு உதட்டைப் பிதுக்கினாங்க. இன்னிக்கு கிறிஸ்டோபர் நோலனே தனக்குப் பிடிச்ச பாண்ட் படம்னு சொல்றது இதைத்தான். காரணம் ட்ரேஸி. டயானா ரிக் நடிச்ச இந்தப் பெண், பயந்து ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பாண்டைத் தானே கார் ஓட்டிக் காப்பாத்துறா. பாண்ட் காதலிக்கிறார், கல்யாணம் பண்ணிக்கிறார். கடைசியில் கையாலாகாம உட்கார்ந்து அழறார். இதிலும் குறை இல்லாமல் இல்லை. ட்ரேஸியின் அப்பாவே அவளை ஒரு குத்து விட்டு மயக்கமாக்கி ஹெலிகாப்டருக்குத் தூக்கிப் போவார். ஆனாலும், அவளை ஒரு மனுஷியா நினைச்சு எழுதியிருக்காங்க. 50 வருஷம் கழிச்சு வந்த ‘நோ டைம் டு டை’, இந்தப் படத்தின் பாட்டையே திரும்ப எடுத்துப் போட்டுச்சுன்னா பார்த்துக்கங்க.

அப்போ வெட்டிடலாமா?

இயன் ஃப்ளெமிங்கின் பாண்ட் நாவல்களை 2023-ல் மறுபதிப்பு போட்டப்போ, இனத்தைப் பற்றிய சில வார்த்தைகளை எடுத்துட்டாங்க. படங்களிலும் அந்தக் கொட்டகை சீனை வெட்டிடலாமான்னு அப்பா கேட்டார். என் ஓட்டு, வேணாம். வெட்டிட்டா, பாண்ட் தாத்தா ஆல் க்ளியர்னு ஒரு போலி மார்க் ஷீட் கையில் கொடுத்த மாதிரி ஆயிடும். அந்த சீன் இருந்ததாலதான் எங்க ஹாலில் அந்தப் பேச்சு வந்துச்சு. அம்மா இத்தனை வருஷமா சொல்லாததைச் சொன்னார். அப்பாவும் முதல் தடவையா கேட்டார்.

அதனால, தாராளமா பாருங்க பாஸ். காருக்குக் கை தட்டுங்க, எரிமலைக்கு வாய் பிளங்க. ஆனா, தனியா பார்க்காதீங்க. பக்கத்தில் யாரையாவது உட்கார வெச்சுக்கிட்டு, ‘உனக்கு இந்த இடம் ஓகேயா?’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

16 படமும் முடிஞ்சு 17-வது ராத்திரி. ரிமோட் அம்மா கையில்! ‘‘இன்னிக்கு என் சாய்ஸ்’’னு ‘காதலிக்க நேரமில்லை’யைப் போட்டார். ‘கோல்ட்ஃபிங்கர்’ வந்த அதே 1964-ல் வந்த படம்.

‘‘இதுக்கும் மார்க் போடுவியாடி?’’ என்றார் அப்பா.

‘‘பின்னே? எல்லாருக்கும் ஒரே கொஸ்டின் பேப்பர்தான்!’’

அம்மா சிரிச்சுக்கிட்டே சவுண்டைக் கூட்டினார்.

மார்க் ஷீட்: எதுல ஆரம்பிக்கலாம்?

ஃப்ரம் ரஷ்யா வித் லவ் (1963): அடக்கமான, அசல் உளவாளிப் படம். ரயில் சண்டைக்காகவே பார்க்கலாம். 8/10

கோல்ட்ஃபிங்கர் (1964): கார், தொப்பி, தங்கம் எல்லாம் அட்டகாசம். கொட்டகை சீன் வந்ததும் பேசுங்க. 6/10

ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ் (1969): கர்ச்சீஃப் கட்டாயம். 9/10

தி மேன் வித் தி கோல்டன் கன் (1974): கார் தாவல் சீன் மட்டும் போதும். மியூட் பண்ணிப் பாருங்க. 5/10

தி ஸ்பை ஹூ லவ்டு மீ (1977): அப்பாக்களை குஷிப்படுத்த கியாரன்டி! 8/10